ஹெச்.எம். ஆகிவிட்டீர்கள், இனி உங்கள் டீச்சர்களுக்கு என்ன செய்வீர்கள்?

ஜூலை மழையில் குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவே தண்டவாளம் மூழ்கினால் சென்ட்ரல் லைன் முழுக்க நின்றுவிடும், மும்பையில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் அப்படிப்பட்ட நாளிலும் காலை 7.10-க்கு மஸ்டர், அதாவது வருகைப் பதிவேடு, தலைமை ஆசிரியர் (ஹெச்.எம்.) அறைக்குள் போய்விடும். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்குச் சிவப்பு மையில் லேட் மார்க், மூன்று லேட் மார்க் சேர்ந்தால் ஒரு சி.எல். (கேஷுவல் லீவு) போச்சு. டோம்பிவிலியிலிருந்து வருகிற ஒரு டீச்சர் பாதி வழியில் நின்ற ரயிலிலிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து, ஈரப் புடவையோடு வந்து சேர்ந்தார். ஆபீஸில் லேட் மார்க் வாங்கிக்கொண்டு எட்டாம் வகுப்புக்குள் போனவர் முதல் இருபது நிமிஷம் பாடமே எடுக்கவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பாமல் கரும்பலகையில் தேதியை எழுதுவதும் அழிப்பதுமாக நின்றார். அந்த வகுப்பில் 52 பிள்ளைகள் இருந்தார்கள்.

சில வருஷம் கழித்து வேறொரு பள்ளிக்கு மாறினேன். அங்கே இருந்த ஹெச்.எம். மேடம் ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரமே எங்கள் எல்லோரிடமும் எந்த லைனில் வருகிறோம், எத்தனை மணி ரயில், வீட்டில் சின்னக் குழந்தை உண்டா என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மழை மாதங்களுக்கு மட்டும் ஒரு தனி டைம்டேபிள் போட்டார். கல்யாண், அம்பர்நாத் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு முதல் பீரியட் கிடையாது, தாராவி, மாட்டுங்கா, ஆன்டாப் ஹில் என்று பக்கத்தில் இருப்பவர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள், அதற்குப் பதிலாக அவர்களுக்குக் கடைசி பீரியட் விடுதலை. அவரும் சூப்பர்வைசரும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து செய்த வேலை, அவ்வளவுதான். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு வகுப்புகூட ஆளில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

ஆசிரியருக்குத் தலைமை துணை நிற்பது என்றால் என்ன என்று புதிதாக ஹெச்.எம். ஆகிறவர்கள் என்னிடம் கேட்கும்போது இந்த இரண்டு பள்ளிகளையும்தான் சொல்வேன். இரண்டு தலைவர்களுமே நேர்மையானவர்கள், பள்ளிமேல் அக்கறை உள்ளவர்கள். முதலாமவர் டீச்சர் நேரத்துக்கு வந்தாரா என்று பார்த்தார். அடுத்தவர் டீச்சர் வகுப்புக்குள் நுழையும்போது எந்த மனநிலையில் நுழைகிறார் என்பதுவரை பார்த்தார். இந்த 24 வருஷத்தில் ஆசிரியையாகவும் கடைசி ஆறு வருஷம் சூப்பர்வைசராகவும் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும்.

தலைமை என்று நான் சொல்வது ஹெச்.எம்., பிரின்சிபல் மட்டும் இல்லை. துணைத் தலைமை ஆசிரியர், சூப்பர்வைசர், பள்ளியை நடத்தும் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள், டீச்சர்களின் நேரத்தையும் வேலையையும் முடிவு செய்கிற எல்லோருமே இதில் வருவார்கள். மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ், மராத்தி, இந்தி, உருது உட்பட எட்டு மொழிகளில் பாடம் நடக்கிறது, நம் ஆட்கள் நடத்தும் தனியார் பள்ளிகளும் நிறைய உண்டு. அமைப்பு வேறுவேறாக இருந்தாலும் நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது, முதலில் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று துணை நிற்பது: டீச்சருடைய வழியில் கிடக்கிற கல்லை எடுத்துப் போடுவது, அவர் தடுமாறினால் கைகொடுப்பது. இன்னொன்று அதிகாரம் கொடுப்பது: அவருடைய வகுப்பைப் பற்றிய முடிவை அவரையே எடுக்க விடுவது, எடுத்த பிறகு அதை மதிப்பது. ஒன்றில்லாமல் இன்னொன்று நிற்காது. நல்ல வசதி எல்லாம் செய்து கொடுத்துவிட்டு, எந்தப் பாடத்தை எந்த வாரம் எத்தனை பீரியடில் முடிக்க வேண்டும் என்பதுவரை மேலிருந்தே சொன்னால் டீச்சர் சொன்னதைச் செய்கிற வெறும் கை ஆகிவிடுவார். நேர்மாறாக, "உங்கள் வகுப்பு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எந்த உதவியும் இல்லாமல் விட்டால் அது அதிகாரம் ஆகாது, கைகழுவுவதுதான்.

சரி, எங்கே தொடங்குவது? நேரத்தில் தொடங்குங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு டீச்சருக்கு இரண்டு செக்ஷன், செக்ஷனுக்கு 50 பிள்ளைகள் என்றால் 100 நோட்டு. ஒரு நோட்டை ஒழுங்காகப் பார்த்து, தவறு எங்கே என்று குறித்து, ஒரு வரி எழுத 3 நிமிஷம் ஆகும். 100 நோட்டுக்கு 300 நிமிஷம், அதாவது 5 மணி நேரம். வாரம் ஒருமுறை திருத்தினாலே இவ்வளவு. இந்த 5 மணி நேரம் டைம்டேபிளில் எங்கே இருக்கிறது? ஃப்ரீ பீரியடில் இருக்க வேண்டும், ஆனால் அந்த ஃப்ரீ பீரியடில்தான் ப்ராக்ஸி வந்து உட்கார்ந்துவிடுகிறது. லீவில் இருக்கிறவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி பள்ளி உதவியாளர் மாவ்ஷி கையில் ஒரு நோட்டு வரும், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அப்புறம் நோட்டுக் கட்டு ரயிலேறி வீட்டுக்குப் போகும். லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் மடியில் வைத்து நோட்டுத் திருத்துகிற டீச்சர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரைக்கும் ஆசிரியருடைய வாரத்தை 45 மணி நேரம் என்று வைத்திருக்கிறது. பாடம் எடுக்கும் நேரம் மட்டும் இல்லை, தயாரிப்பு நேரமும் அந்த 45-க்குள்தான் வருகிறது என்று அதன் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. தயாரிப்பும் வேலைதான் என்று சட்டமே ஒத்துக்கொண்ட பிறகு, ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருக்கும் டீச்சரை 'சும்மா இருக்கிறார்' என்று பார்க்கிற பழக்கத்தை நாம் விட வேண்டாமா? அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு, பத்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி, இந்த மூன்றைத் தவிர கல்வி அல்லாத வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. எலெக்ஷன் டியூட்டியை ஹெச்.எம். தடுக்க முடியாது, அது உங்கள் கையில் இல்லை. ஆனால் பள்ளிக்குள்ளேயே நாம் உண்டாக்குகிற வேலைகள் இருக்கின்றனவே, அவை முழுக்க உங்கள் கையில்தான் இருக்கின்றன.

ஒரே பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண்ணை மாநில அரசின் சரல் போர்ட்டலுக்கு ஒருமுறை, மத்திய அரசின் பள்ளித் தகவல் தளமான யூ-டைஸுக்கு ஒருமுறை, ஆபீஸ் ரெஜிஸ்டருக்கு ஒருமுறை, ஸ்காலர்ஷிப் பாரத்துக்கு ஒருமுறை என்று வகுப்பாசிரியர் நான்கு தடவை எழுதிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை வாங்கி ஆபீஸில் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் மற்ற மூன்றையும் கிளார்க் அதிலிருந்தே எடுத்துக்கொள்ள முடியும். புதிய ஹெச்.எம். முதல் மாதத்தில் செய்ய வேண்டிய வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: டீச்சர்களிடமிருந்து பள்ளி என்னென்ன எழுதி வாங்குகிறது என்று எல்லாவற்றையும் மேஜையில் பரப்புங்கள், ஒவ்வொன்றையும் யார் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். யாருமே படிக்காததை நிறுத்துங்கள். லெசன் பிளான் நோட்டில்கூட, வருஷா வருஷம் பழைய நோட்டைப் பார்த்துக் காப்பி அடித்து எழுதுகிற பத்தி எது, உண்மையிலேயே வகுப்புக்கு உதவுகிற பத்தி எது என்று டீச்சர்களே உங்களுக்குச் சொல்லுவார்கள், கேட்டால் போதும். ராத்திரி 10 மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் 'நாளைக் காலைக்குள் அனுப்பவும்' என்று போடுவதையும் இதோடு நிறுத்திவிடுங்கள், தயவுசெய்து.

அடுத்தது ஆப்சர்வேஷன், அதாவது டீச்சர் பாடம் எடுப்பதை வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பது. நான் மனசாரக் கவலைப்படுகிற இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வழக்கமாக எப்படி நடக்கும்? முன்னறிவிப்பு இல்லாமல் ஹெச்.எம். பின் பெஞ்சில் வந்து உட்காருவார். கையில் ஒரு படிவம். குரல் வளம், கரும்பலகைப் பயன்பாடு, வகுப்புக் கட்டுப்பாடு என்று வரிசையாக டிக் போட்டு, கடைசியில் 'இன்னும் முன்னேற்றம் தேவை' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். எதில் முன்னேற்றம், எப்படி முன்னேற்றம், ஒன்றும் இருக்காது. டீச்சர் அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பார், அடுத்த நாள் வகுப்பில் எதுவும் மாறியிருக்காது. ஹெச்.எம். வருவார் என்று முன்பே தெரிந்துவிட்டாலோ, ஏற்கெனவே நடத்தின பாடத்தையே மறுபடி நடத்திக் காட்டுவதும், நன்றாகப் படிக்கிற ஐந்து பிள்ளைகளையே மாற்றி மாற்றிக் கேள்வி கேட்பதும் நடக்கும். பயம் இருக்கிற இடத்தில் டீச்சர் தன்னுடைய நல்ல வகுப்பைத்தான் காட்டுவார், உதவி தேவைப்படுகிற வகுப்பைக் காட்ட மாட்டார்.

இதை மாற்றுவது கஷ்டமே இல்லை. வகுப்புக்குப் போவதற்கு முன்னால் டீச்சரோடு ஐந்து நிமிஷம் பேசுங்கள். "எதைக் கவனிக்கட்டும் சொல்லுங்கள், எங்கே உங்களுக்குத் திருப்தி இல்லை?" என்று அவரிடமே கேளுங்கள். நான் சூப்பர்வைசர் ஆன முதல் வருஷம் ஆறாம் வகுப்பு எடுக்கிற இளம் டீச்சர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "பின்னாடி இருக்கிற பிள்ளைங்க வாயே திறக்க மாட்டேங்குறாங்க மேடம், எனக்கு ஏன்னே தெரியல" என்றார். சரி, அதை மட்டும் பார்க்கிறேன் என்று உள்ளே போனேன். படிவம் எதுவும் எடுத்துப் போகவில்லை, வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வரிசையை ஒரு தாளில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டேன். டீச்சர் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. 35 நிமிஷம் முடிந்ததும் பார்த்தால் புள்ளிகள் எல்லாம் முன்வரிசையிலும் ஜன்னல் ஓரத்திலும்தான் இருந்தன. பின்வரிசை இரண்டும் வெறுமை. அத்தோடு இன்னொன்றையும் கவனித்தேன், கேள்வி கேட்டு ஒரு விநாடி ஆவதற்குள் அவரே பதிலைச் சொல்லிவிடுகிறார்.

அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தேன், வேறொன்றும் சொல்லவில்லை. அவரே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஐயோ, நான்தான் அவங்களைக் கேட்கவே இல்லையா?" என்றார். கேள்வி கேட்டதும் மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் அடுத்து பேசுவது என்று அவரே முடிவு செய்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன், பின்வரிசையில் புள்ளிகள் விழுந்திருந்தன. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், வாசிக்கவே திணறுகிற பிள்ளைகள் அங்கே இரண்டு பேர் இருந்தார்கள், அது வேறு பிரச்சினை, அதற்கு வேறு வேலை செய்ய வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பிரச்சினை கண்ணுக்குத் தெரிந்ததே அந்தக் கேள்விகள் பின்வரிசைவரை போன பிறகுதான்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். என்ன பார்க்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார், நான் பார்த்ததை மட்டும் கொடுத்தேன், என்ன செய்வது என்பதை அவர் முடிவு செய்தார். ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம் போதும். ஏழு குறையைச் சேர்த்துச் சொன்னால் டீச்சருக்கு எதைப் பிடிப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் விட்டுவிடுவார். பார்த்த அன்றைக்கே பேசிவிட வேண்டும், ஒரு வாரம் தள்ளிப் பேசினால் அந்த வகுப்பு இரண்டு பேருக்குமே மறந்திருக்கும். இன்னொன்று, சம்பள உயர்வுக்கான மதிப்பீட்டையும் இந்த ஆப்சர்வேஷனையும் ஒரே நாளில் ஒரே தாளில் கலக்கவே கலக்காதீர்கள். மார்க் போட வந்தவரிடம் யாராவது தன் பலவீனத்தைச் சொல்வார்களா?

நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சன் என்கிற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும், பள்ளித் தலைமை செய்கிற எந்த வேலை பிள்ளைகளின் படிப்பை அதிகம் மாற்றுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2008-ல் வெளியிட்டார்கள். குறிக்கோள் வைப்பது, வசதி செய்து தருவது, வகுப்புகளை மேற்பார்வை பார்ப்பது, ஒழுங்கான சூழலை உண்டாக்குவது என்று ஐந்து வகையாகப் பிரித்ததில், ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதை ஊக்குவித்து அந்தக் கற்றலில் தலைவரும் கூடவே உட்காருவதுதான் முதலிடத்தில் வந்தது, அடுத்த இடத்தில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு தாக்கத்தோடு. கூடவே உட்காருவது என்பதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். பயிற்சி நாளில் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அறைக்குத் திரும்பிவிடுகிற ஹெச்.எம். அந்த இடத்தில் வர மாட்டார்.

2020 தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியர்களுக்கு வருஷத்துக்குக் குறைந்தது 50 மணி நேரத் தொடர் பயிற்சியை எதிர்பார்க்கிறது, தலைமை ஆசிரியர்களுக்கும் அதே 50 மணி நேரம்தான். இதை ஆன்லைன் வீடியோவை ஓடவிட்டுச் சர்டிஃபிகேட் எடுத்தும் முடிக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை, வீட்டு வேலைக்கு நடுவே ராத்திரியில் உட்கார்ந்தால் வேறு எப்படிச் செய்வார்கள்? பள்ளி நேரத்துக்குள்ளேயே இடம் கொடுத்தால் நிலைமை வேறாகும். ஜப்பானில் ஆசிரியர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் அதை வகுப்பில் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகள் எங்கே சிக்கிக்கொள்கிறார்கள் என்று பார்ப்பார்கள், அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து பேசித் திருத்துவார்கள். நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம் அது. நம் பள்ளியில் மாதம் ஒருமுறை, கணக்கு டீச்சர்கள் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் ஃப்ரீ பீரியட் விழும்படி டைம்டேபிள் போட்டாலே இதைத் தொடங்கிவிடலாம். பின்னக் கணக்கில் பிள்ளைகள் ஏன் மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் தனித்தனியாகக் கூட்டுகிறார்கள் என்று மூன்று டீச்சர்கள் ஒரு மணி நேரம் பேசினால் கிடைப்பது, வெளியிலிருந்து வருகிற பேச்சாளர் ஒரு நாள் முழுக்கப் பேசினாலும் பல சமயம் கிடைப்பதில்லை.

இனி அதிகாரம். நாங்கள் இருக்கிற பகுதியில் பிள்ளை வீட்டில் தமிழ் பேசும், தெருவில் இந்தி, கடைக்குப் போனால் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம். 'வகுப்பில் ஆங்கிலம் மட்டும்' என்று நிர்வாகம் நோட்டீஸ் போட்டிருந்தபோது, இரண்டாம் வகுப்பு டீச்சர் ஒருவர் கழித்தலில் கடன் வாங்குவதைத் தமிழில் சொல்லிக்கொடுக்க அனுமதி கேட்டார். எங்கள் ஹெச்.எம். மேடம் நிர்வாகத்திடம் போய்ப் பேசினார். முடிந்தவரை குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரையாவது தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று புதிய கல்விக் கொள்கையே சொல்வதையும் எடுத்துச் சொன்னார். டீச்சரிடம் வந்து, "முதல்ல தமிழ்ல புரிய வைங்க, அப்புறம் ஆங்கில வார்த்தையைக் குடுங்க, ஒரு டெர்ம் பார்க்கலாம். யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். முடிவை டீச்சருக்குக் கொடுத்துவிட்டு, பழி வந்தால் அதையும் அவர் தலையிலேயே விட்டுவிடுகிற தலைமையிடம் இன்னொரு தடவை யாரும் புது யோசனையோடு போக மாட்டார்கள்.

பெற்றோர் புகாரும் இப்படித்தான். கோபத்தோடு வருகிற அப்பா முன்னால் டீச்சரைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேள்வி கேட்காதீர்கள். பெற்றோர் சொல்வதை உட்கார வைத்து முழுக்கக் கேளுங்கள், டீச்சரிடம் தனியாகக் கேளுங்கள், அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து பேசுங்கள். தவறு இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தெளிவாகச் சொல்லுங்கள், பாராட்ட வேண்டியிருந்தால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள். ஆனால் ஒரு எல்லை உண்டு. பிள்ளையை அடித்தது, அவமானப்படுத்தியது, தொடக்கூடாத விதத்தில் தொட்டது என்று புகார் வந்தால் அங்கே டீச்சர் பக்கம் நிற்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவே தடை செய்திருக்கிறது, பாலியல் குற்றம் என்றால் அதிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்ஸோ சட்டப்படி போலீஸிடம் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற துரோகம்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாதம் முடிந்து இரண்டு வாரம் ஆகியும் சம்பளம் வராத பள்ளியில் செப்டம்பர் 5-ஆம் தேதி ரோஜாப்பூவும் பேனாவும் கொடுத்தால் வாங்குகிறவருக்கு வலிக்கத்தான் செய்யும். தொகையைக் கூட்டுவது ஹெச்.எம். கையில் இல்லாமல் இருக்கலாம், நிர்வாகக் கூட்டத்தில் டீச்சர்களுக்காக அந்தப் பேச்சை எடுப்பது அவர் கையில் இருக்கிறது. பெண் டீச்சர்களுக்குத் தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் இருக்கிற கழிப்பறை, நிம்மதியாக டிபன் பாக்ஸைத் திறக்க ஒரு மேஜை, இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் காலை 7 மணியிலிருந்து மத்தியானம் வரைக்கும் தண்ணீரே குடிக்காமல் பாடம் எடுக்கிறவர்களிடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த டீச்சர்களை மட்டும் தனியாகக் கவனியுங்கள். யாரும் எடுக்க விரும்பாத வகுப்பையும் மோசமான டைம்டேபிளையும் புது ஆள் தலையில் கட்டுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். முதல் வருஷம் அவருக்கு நான்கைந்து பீரியட் குறைவாகக் கொடுத்து, அதே பாடம் எடுக்கிற ஒரு மூத்த டீச்சரோடு சேர்த்துவிடுங்கள். அந்த மூத்தவருக்கும் வாரத்தில் இரண்டு பீரியட் குறையுங்கள், இல்லையென்றால் அதுவும் அவருக்கு ஒரு கூடுதல் சுமையாகிவிடும். "அக்கா, இந்தப் பையன் அழுதுக்கிட்டே இருக்கான், என்ன செய்யறது?" என்று கூச்சமில்லாமல் கேட்க ஓர் ஆள் இருந்தால் போதும், முதல் டெர்மைத் தாண்டிவிடுவார்கள்.

இவ்வளவையும் ஒரே வருஷத்தில் செய்ய முடியுமா என்றால் முடியாது, நாங்களும் செய்யவில்லை. முதல் வருஷம் ரெஜிஸ்டர்களைக் குறைத்தோம், அடுத்த வருஷம் ஆப்சர்வேஷன் படிவத்தை மாற்றினோம், ப்ராக்ஸி இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஹெச்.எம்.மும் வாரம் ஒரு வகுப்பாவது எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டதில் அதற்குக் கொஞ்சம் வழி கிடைத்தது. யாராவது லீவு போட்டால் முதல் ப்ராக்ஸி அவருக்கு, இரண்டாவது எனக்கு. அப்படி ஒரு நாள் ஏழாம் வகுப்பு சி செக்ஷனுக்குப் போய்விட்டு வந்த மேடம், அந்த அறையில் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் கரும்பலகையில் வெளிச்சம் பட்டு எழுத்தே தெரியவில்லை என்று சொன்னார். அந்த டீச்சர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அது. மறுநாளே ஜன்னலுக்குத் திரை போட்டோம்.